அடுத்த வீட்டு வெள்ளி

பொங்கல் முடிந்த வாரம் காஞ்சிபுரம் போனேன், கோயிலுக்கு அல்ல. என்னோடு இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற ஏகாம்பரம் சார் போனில், "டீச்சர், எக்ஸ்-ரே வந்துக்கினு இருக்குது. பயமா இருக்குது" என்றார்.

தாம்பரத்தில் ஆறரைக்குப் பேருந்து. வாலாஜாபாத் வழியாக இரண்டு மணி நேரம். பிள்ளையார்பாளையத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

குறைந்த ஆற்றலில் அணுக்கரு இணைவு நடக்குமா என்று பார்ப்பது சாரின் ஆசை. கனநீரில் பல்லேடியம் கம்பியை வைத்து மின்சாரம் செலுத்துகிறார். இணைவு நடந்தால் வேகத் துகள்கள் கம்பியின் அணுக்கள்மீது மோதும். அவை எக்ஸ்-கதிரை உமிழும். வருகைப் பதிவில் ஒவ்வொரு பிள்ளையும் தன் குரலில் 'உள்ளேன்' சொல்வதுபோல, ஒவ்வொரு தனிமத்தின் கதிருக்கும் தனி ஆற்றல் உண்டு. அதைக் கேட்கவே ஓர் உணர்கருவியை இரவல் வாங்கியிருந்தார்.

சோதனை நடந்த அதே அறையில், தறிக்குழியில் கால்விட்டு நெய்துகொண்டிருந்தாள் அவர் மருமகள் தேவி. ஏழு மாதக் கர்ப்பம்.

"வெளிய போம்மான்னா கேக்க மாட்டேன்றா."

"முகூர்த்தப் புடவை மாமா. குழியத் தோண்டி எடுத்துக்கினு போவவா? உங்க டப்பாவ அணைங்க."

"அணைச்சுட்டேம்மா" என்றார் சார், மெல்ல.

உணர்கருவியின் திரையைப் பார்த்தேன். கம்பியில் மின்சாரம் இல்லை, ஆனாலும் கோடு எழுந்தது. அடங்கியது. மறுபடி எழுந்தது.

அளவைப் படித்தேன். அது பல்லேடியம் அல்ல. தனிம அட்டவணையில் அதற்கு அடுத்த வீடு, வெள்ளி. சாரின் ஆசைப்பட்ட கண் ஒரு கட்டம் தள்ளிப் படித்திருக்கிறது. கருவியைத் தறிப் பக்கம் திருப்பினேன். கோடு உயர்ந்தது. தேவியின் முதுகுக்குப் பின்னால், பலகை அடித்து மூடிய பழைய கதவு. அதற்கு அப்பால், ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று சோதிக்கும் கடை.

ஓடினோம். ஜரிகைமேல் எக்ஸ்-கதிர் அடித்துப் பார்க்கும் பெட்டியின் மூடி திறந்தே கிடந்தது. மூடினால்தான் பெட்டியை இயங்கவிடும் பொத்தானை டேப் ஒட்டி அழுத்தி வைத்திருந்தார்கள்.

"மடிச்ச புடவைய வச்சா மூடி மூடாதும்மா. இன்னா பண்றது?" என்றார் கடைக்காரர்.

சார் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினார். திரையில் கோடு படுத்தது.

தேவி அப்போதும் குழியில்தான் இருந்தாள். "எத்தினி மாசமா இங்கயே உக்காந்துக்கினு இருக்கேன் டீச்சர். புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

பலகையைத் தாண்டி வந்தது கொஞ்சமாகத்தான் இருக்கும் என்றேன். பிறகு அவளைப் பார்த்த டாக்டரும் அதையே சொன்னார். ஆனால் கருவி இன்று வருவதைத்தான் காட்டும். போன மாதங்களை அதனிடம் கேட்க முடியாது.

பட்டு எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஜரிகையைச் சோதிக்கப் புடவையை மடித்துக் கொடுக்காதீர்கள். ஓரத்தில் கத்தரித்த ஓர் இழை போதும், மூடி மூடும். மூடும்வரை தள்ளி நில்லுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

தேவிக்குப் பங்குனியில் பிரசவ நாள். போன் அடித்தால், எடுக்குமுன் காஞ்சிபுரமா என்று பார்க்கிறேன்.