கார்டு வரவில்லை என்றால்

1993இல் எங்கள் ஊர் ட்ரஸ்ட் ஒன்று எக்ஸ்ரே வேன் விட்டது. கிராமம் கிராமமாகப் போய், காசநோய் இருக்கிறதா என்று பார்க்க இலவசமாக நெஞ்சைப் படம் பிடிக்க வேண்டும். வண்டி ஓட்டியவன் நான், சக்கரபாணி. படம் பிடித்தவர் சர்தார் பாய்.

பாய்க்கு வேலை சுத்தமாக இருக்க வேண்டும். தாலிச்சரட்டைக் கழற்ற மாட்டோம் என்று பெண்கள் அடம்பிடித்தால் கோபப்பட மாட்டார். "வாயில கவ்விக்கம்மா, மூச்ச இழுத்து நிறுத்திக்க" என்பார். அடி அண்ணாமலையில் மோர் விற்கும் ஜோதியம்மாள் சரட்டைக் கவ்வியபடியே சிரித்துத் தொலைத்ததில் ஒரு ஃபிலிம் வீணானது. பாய் இன்னொன்று எடுத்தார்.

ஃபிலிம்களை வேலூர் டாக்டர் ஒருவர் பார்ப்பார். கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும் அஞ்சல் கார்டு போகும். நன்றாக இருப்பவனுக்கு எதற்குப் பதினைந்து பைசா என்று கேட்டார் மேனேஜர். அதனால் ஒவ்வொரு ஊரிலும் கிளம்பும்போது பாய் மைக்கில் சொல்வார்: "கார்டு வந்தா பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. வரலைன்னா நிம்மதியா இருங்க."

கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்குமாம். எங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் தலையை எண்ணிக் கொடுத்தார்கள். பத்தாயிரம் பேருக்குப் படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அடி அண்ணாமலையில் அந்த எண்ணிக்கை முடிந்தது. வண்டியை விற்றார்கள், எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பாய் செங்கம் ரோட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் சேர்ந்தார், நான் டாக்ஸி ஓட்டப் போனேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு பௌர்ணமியன்று இருவரும் ஜோதியம்மாள் கடையில் மோர் குடித்தோம். அவள் பாதியாக இளைத்திருந்தாள். பேச்சுக்குப் பேச்சு இருமினாள்.

"ஆஸ்பத்திரில காட்னியாம்மா?" என்றார் பாய்.

"எதுக்கு பாய்? நீங்கதான் படம் புடிச்சீங்களே. கார்டு வரல. இது தூசி இருமல்."

பாய் டம்ளரைக் கீழே வைத்தார். மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு ட்ரஸ்ட் குடோனுக்குப் போனார். கடைசி ஃபிலிம் பெட்டி ஒட்டின நாடா பிரியாமல் இருந்தது. எண்ணிக்கை முடிந்ததும் டாக்டருக்குக் கொடுக்கப் பணம் இல்லை, அதனால் பெட்டி வேலூருக்கே போகவில்லை. மேனேஜரைக் கேட்டோம். "படம் எடுக்கத்தான் சார் ஃபண்டு. பாக்கறதுக்கு இல்ல" என்றார். அந்த ஆளை அன்றைக்கு அறையாமல் விட்டதற்கு இன்றுவரை வருந்துகிறேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் பாய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஜோதியம்மாள் படத்தில் வலது பக்கம் மேலே, கட்டைவிரல் அளவுக்கு வெள்ளையாக இருந்தது. அன்றைக்கே பார்த்திருந்தால் ஆறு மாத மாத்திரையில் போயிருக்கும் என்றார். அந்த மாத்திரையும் அரசாங்கத்தில் இலவசம்தான்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பெட்டியிலிருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பாய் தன் காசில் கார்டு எழுதினார். பத்தொன்பது பேரை உடனே வரச் சொன்னார். மற்றவர்களுக்கும், டாக்டர் இன்னும் பார்க்கவில்லை, வந்து காட்டுங்கள் என்று எழுதினார். விலாசம் எழுதி எழுதி எனக்கு விரல் வீங்கியது. பத்தொன்பதில் ஆறு பேர் வந்தார்கள். நான்கு கார்டு, ஆள் இறந்துவிட்டார் என்று எழுதித் திரும்பியது.

ஜோதியம்மாள் மூன்று மாதம் கிடந்தாள், பிழைக்கவில்லை. கடைசியாக அவளைப் பார்க்கப் போனபோது பாய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், பெட்டி பிரிக்காததை, யாரும் பார்க்காததை, எதையும் மறைக்கவில்லை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தோம். திட்டியிருந்தால் தேவலை.

"விடுங்க பாய்," என்றாள். "எங்கம்மாவும் இதுலதான் போனா. இருமல் வந்தாலே எனக்கு பயம். நீங்க மைக்குல சொன்னதால ரெண்டு வருசம் நிம்மதியா தூங்கினேன்."

பாய் அங்கேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.