புதிய போப்பும் வெள்ளிக்கிழமை மீனும்

“ஏன் சார், எனக்கு எப்ப ஞானஸ்நானம் குடுத்த நீ?”

தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் அஞ்சலையக்கா என்னைப் பார்த்ததும் கேட்ட கேள்வி இது. கையில் எங்கள் பத்திரிகையின் புறநகர் இணைப்பு. அதில் அவருடைய படம், பக்கத்தில் பெயர். கீழே இப்படி அச்சாகியிருந்தது: “திருத்தந்தைக்காக எங்கள் குடும்பம் தினமும் செபமாலை சொல்லி வேண்டிக்கொள்கிறது.”

அஞ்சலையக்காவுக்குச் சொந்த ஊர் கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். அம்மன் படத்துக்கு விளக்கேற்றாமல் கூடையைத் தூக்க மாட்டார்.

எட்டு முகம்

2005 ஏப்ரலில் ரோமில் புதிய போப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். மறுநாள் காலை எங்கள் இணைப்பின் ஆசிரியர் போனில் சொன்னார்: “ரோம் நியூஸ மெயின் பேப்பர்காரங்க பாத்துப்பாங்க. நமக்குத் தாம்பரம் ஜனங்க என்ன சொல்றாங்கன்னு வேணும். எட்டு மூஞ்சி, எட்டு கோட், ஆளுக்கு ஒரு வரி. சர்ச் வாசல்லயே நின்னுடாத, ரோட்லயும் கேளு.”

நானும் போட்டோகிராபர் சேகரும் கிளம்பினோம். காலைப் பூசை முடிந்து வந்தவர்களில் ஒரு கல்லூரி மாணவர், “நம்ம ஊர்க்காரர் யாராவது வருவாங்கன்னு நெனச்சேன் சார், இந்தத் தடவையும் மிஸ் ஆயிடுச்சு” என்றார், கிரிக்கெட் டீம் அறிவிப்பைப் பற்றிப் பேசுவது போல. பீர்க்கன்கரணையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஃபிலோமினா கைகளைக் கட்டிக்கொண்டு நின்று செபமாலை பற்றிய வாக்கியத்தைச் சொன்னார். ஸ்டேஷன் வாசலில் ஓர் ஆட்டோக்காரர், “வெள்ளப் பொக வந்தா செலக்ட் ஆயிட்டார்னு அர்த்தமாமே? நம்ம வண்டில வந்தா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எப்.சி.யே தர மாட்டேன்றான்” என்றார்.

அஞ்சலையக்காவிடமும் கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

“புதுசா வந்தவரு வெள்ளிக்கெழம கறி துன்னக் கூடாதுன்ற சட்டத்த மட்டும் மாத்தாம இருந்தா போதும் சார். சர்ச்சு ஜனங்க அன்னிக்கிதான் நம்மகிட்ட வருது. நோன்பு மாசத்துல எனக்கு வெள்ளிக்கெழமதான் தீபாவளி.”

அன்றைய கோட்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

முகம் உள்ளே பார்க்க வேண்டும்

பக்கம் வடிவமைப்பதில் ஒரு விதி உண்டு. ஓரத்தில் வைக்கும் படத்தில் இருப்பவரின் முகம் பக்கத்துக்கு உள்ளே பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால் வாசகரின் கண்ணும் வெளியே போய்விடும் என்பார்கள். இடது ஓரத்தில் அஞ்சலையக்கா வெளியே பார்த்தார். வலது ஓரத்தில் ஃபிலோமினா டீச்சரும் வெளியே பார்த்தார். லேஅவுட் செய்தவர் இருவரையும், பெயரோடு சேர்த்து, இடம் மாற்றினார். முகங்கள் ஒழுங்காகிவிட்டன. கோட்கள் பழைய இடத்திலேயே நின்றன. பெயரும் ஊரும் மட்டும் போடுவது வழக்கம், தொழில் போட மாட்டோம். அதனால் புரூஃப் பார்த்தவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்று மார்க்கெட்டில் அஞ்சலையக்கா சிரிக்கும் நிலையில் இல்லை. “வர்ற வெள்ளிக்கெழம கோயில்ல காப்பு கட்டுறாங்க சார். மொதப் பால்கொடம் எங்க வூட்டுதுதான், எங்க மாமியார் காலத்துலேர்ந்து. இப்ப எங்க ஊர்த்தலைவரு நாட்டாரு, ‘நீங்கதான் வேதத்துல சேந்துட்டீங்களே, வேற வூட்டுக்குக் குடுத்துடுறோம்’ன்றாரு. பேப்பர்லயே கீதாம். உன் பேப்பர்ல மீனு கட்டிக் குடுக்குறவ நானு, எனக்கே இந்தப் பேஜாரா?”

ஆசிரியருக்குப் போன் செய்தேன். “திருத்தம் போடலாம்யா. அடுத்த இணைப்பு சனிக்கிழமைதானே, மூணு வரி.”

காப்பு வெள்ளிக்கிழமை.

நான் சொன்னதைத் திருப்பிக் கொடுங்க

ஃபிலோமினா டீச்சர் வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“ஃபாதரே கேட்டுட்டார் தம்பி, ‘டீச்சர், வியாபாரம் எப்படிப் போகுது?’ன்னு. எனக்கு மீன் வாசனையே ஆகாது. அதனால ஒருத்தரும் நம்பலை.”

அஞ்சலையக்காவின் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. உள்ளே போய்க் கைப்பையை எடுத்து வந்தார். “வாங்க, போகலாம். நான் சொன்னது, நான்தானே போய் வாங்கிட்டு வரணும்.”

வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் பஸ். அஞ்சலையக்காவின் குப்பத்தில் இறங்கியதுமே டீச்சர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். மீன் ஏலக்கூடத்தில் நாட்டாரும் பஞ்சாயத்தார் சிலரும் இருந்தார்கள். அஞ்சலையக்கா ஒரு தூணோரம் நின்றார்.

டீச்சர் கைக்குட்டையை எடுத்துவிட்டு, பேப்பரைப் பிரித்துக் காட்டிப் பேசினார். “ஐயா, செபமாலைன்னு இவங்க படத்துக்குக் கீழ போட்டிருக்கே, அது நான் சொன்னது. எனக்குத் திருப்பிக் கொடுங்க. இவங்க சொன்னது இதோ என் படத்துக்குக் கீழ இருக்கு. அதை இவங்ககிட்ட கொடுத்துடுறேன்.”

“இன்னா சொல்லிக்கீறா? படிங்க” என்றார் நாட்டார்.

டீச்சர் வகுப்பில் படிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். வெள்ளிக்கிழமை, கறி, தீபாவளி. படித்து முடித்ததும் பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: “டேய், இது அஞ்சலதான்டா! போப்புகிட்டயே யாவாரம் பேசிக்கினு கீறா பாரு!”

கூடமே சிரித்தது. நாட்டார் மீசையைத் துடைத்துக்கொண்டார். “சரி, பால்கொடம் அவ வூட்லேர்ந்தே கெளம்பட்டும்.” பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “அது சரிம்மா, அந்தச் சட்டத்த அவரு மாத்த மாட்டாரில்ல?” என்றார்.

சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

“மாத்த மாட்டார்ங்க. எனக்குத் தெரிஞ்சு மாத்த மாட்டார்” என்றார் டீச்சர்.

அஞ்சலையக்கா அவருக்கு ஒரு வஞ்சிரத்தைக் கொடுக்கப் போனார். டீச்சர் பின்வாங்கிய வேகத்தில் மறுபடி சிரிப்பு. மீன் எனக்கு வந்தது.

திரும்பும் பஸ்ஸில்

டீச்சர் பெயரில் வந்த வார்த்தையை அவருடைய சர்ச்சில் ஒருவரும் நம்பவில்லை. அஞ்சலையக்கா பெயரில் வந்த வார்த்தையை ஓர் ஊரே நம்பிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த டீச்சரிடம் இதைச் சொன்னேன்.

“நான் சொன்னது யார் படத்துக்குக் கீழ போட்டாலும் பொருந்தும் தம்பி” என்றார்.

“உண்மையில அன்னைக்கு உங்களுக்கு என்ன தோணுச்சு டீச்சர்?”

“என்னைவிட வயசானவருக்குப் புதுசா ஒரு வேலை கிடைச்சிருக்கேன்னு சந்தோஷமா இருந்துச்சு. ரிட்டயர் ஆனதிலேர்ந்து வீட்ல சும்மாதான் இருக்கேன். அவரைப் பார்த்ததும், நாமளும் ஏதாவது பண்ணலாமேன்னு தோணுச்சு.”

“இதை ஏன் அன்னைக்குச் சொல்லலை?”

“‘கருத்து சொல்லுங்க’ன்னு கேட்டீங்க. கருத்து சொன்னேன்.”

சனிக்கிழமை மூன்று வரித் திருத்தம் வந்தது. மைக்கோடு தெருவுக்குப் போகும் இளைய நிருபர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: யாரிடமும் கருத்து கேட்காதீர்கள். இந்தச் செய்தியால் உங்களுக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலை வேறு யார் படத்துக்குக் கீழே போட்டாலும் ஊர் கண்டுபிடித்துவிடும்.