தட்டில் வைத்த பர்ஸ்

தட்டுக்காரர் யாரையும் நம்பமாட்டார். அந்த ஒரு காரணத்தால் அவரை எல்லோரும் நம்பினார்கள். செண்ட் கம்பெனியின் வாசலில் காவல்காரரான அவருக்கு ஒரு ஸ்டூல், ஒரு மேசை, மேசைமேல் ஓரம் நசுங்கிய அலுமினியத் தட்டு. வேலை முடிந்து போகிறவர்கள் பையிலும் பாக்கெட்டிலும் இருப்பதைத் தட்டில் கொட்ட வேண்டும். திறக்கக்கூடியதைத் திறந்து காட்ட வேண்டும். மற்ற இடங்களில் காவல்காரனுக்கு மூக்காவது உதவும். இங்கே கூட்டிப் பெருக்குகிறவர் உட்பட எல்லோரும் ரோஜாவாக மணப்பதால் கண்ணை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. கண்ணையும் அவர் முழுதாக நம்பியதாகச் சொல்ல முடியாது. பவுடர் டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார்.

ஷிப்ட் மாறும்போது காவல்காரரும் தட்டில் கொட்ட வேண்டும், அதுவும் வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்க, என்று விதி போட்டவரும் அவரேதான். நடந்து வெளியே போகிற யாருக்கும் விலக்கில்லை என்று தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார். மேனேஜர் மட்டும் காரில் போவார். அவருக்குத் தட்டுக்காரர் கேட்டைத் திறந்து சலாம் வைப்பார்.

வீட்டிலும் ஆள் இப்படித்தான். "கல்யாணத்தன்னைக்கே என் பேரை ரெண்டு தடவை கேட்டு சரிபார்த்த மனுஷன்" என்பாள் மனைவி. வங்கியின்மேல் அவருக்கு இருந்த சந்தேகம் தனி ரகம். வெள்ளிக்கிழமைதோறும் பாஸ்புக்கில் வரவு பதியப் போவார். போட்ட பணம் போட்ட இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க. போனில் பார்க்கலாமே என்றால், "ஊரே பேசற வழியில என் பணம் போகணுமா?" என்பார். துணைக்கு வரிசையில் நின்று கால் கடுத்துப்போன மகள், தான் வேலை பார்க்கும் போன் கடையிலிருந்து ஒரு நாள் ஒரு பர்ஸைக் கொண்டுவந்தாள்.

"திறந்தா உள்ள சின்னதா ஸ்கிரீன் எரியும்பா. கணக்குல எவ்வளவு இருக்குன்னு அப்பவே தெரியும். சிம் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு."

"இதையெல்லாம் எவன் வாங்குவான்?"

"உங்க மேனேஜர் போன வாரம் வாங்கினாரு."

"அவருக்கு எதுக்கு?"

"உங்களுக்கு எதுக்கோ, அதுக்குத்தான்."

மகள் எதிர்பார்த்தது நிம்மதி. வாரம் ஒரு முறை சந்தேகப்பட்டு வந்தவர் இப்போது கையில் வசதி இருந்ததால் நினைத்தபோதெல்லாம் சந்தேகப்பட்டார். சாப்பிடும்போது இடது கையால் திறந்து பார்ப்பார். வங்கி ஏதோ கட்டணம் என்று சில்லறை பிடித்த அன்று, பர்ஸைக் கொண்டுபோய் வங்கிக்காரர் முன்னால் திறந்து வைத்து, "நீங்களே பாருங்க, குறையுது" என்றார்.

இந்த நேரத்தில்தான் மச்சினன் வந்தான். லாரி ஓட்டுகிறவன், தன் பங்குக்கு வந்த வீட்டை விற்றிருந்தான். சொந்தமாக லாரி வாங்கும்வரை பணம் பத்திரமாக இருக்க வேண்டும். "என்கிட்ட இருந்தா செலவாயிடும். அக்காகிட்ட இருந்தா எனக்கே செலவு பண்ணிடும். மாமா கணக்குல இருந்தா மாமாவாலயே எடுக்க முடியாது" என்றான். அது பாராட்டா என்று தட்டுக்காரருக்குச் சந்தேகம்தான். ஆனாலும் ஒத்துக்கொண்டார்; பணம் அவர் கணக்கில் ஏறியது.

அதே வாரம் ஸ்டோரில் விலை கூடிய செண்ட் பாட்டில்கள் குறைந்தன. மேனேஜர் வாசலுக்கே வந்து, "எது போனாலும் இந்த வழியாத்தானே போகணும்? ஆளைக் கண்டுபிடிக்கலைன்னா வாசலுக்கு வேற ஆள்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டூல் ஆட ஆரம்பித்தது. தட்டுக்காரர் அன்று சாப்பாட்டுத் தூக்கின் அடியைக்கூடத் தட்டிப் பார்த்தார்.

அன்று மாலை ஷிப்ட் மாறியது. அடுத்த காவல்காரர் தட்டைத் தள்ளி வைத்து, "பர்ஸைத் திறங்கண்ணே" என்றார். இத்தனை நாளும் அதில் எரிந்த எண்ணைப் பார்த்து யாரும் பொறாமைப்பட்டதில்லை. அன்று ஸ்கிரீனுக்கு இடம் போதவில்லை. வரிசையில் முதலில் நின்ற லேபிள் ஒட்டும் அக்கா எட்டிப் பார்த்தாள். எண்ணை ஒரு முறை வாய்க்குள் படித்தாள். மறுமுறை எல்லோருக்கும் கேட்கப் படித்தாள்.

"வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்தா இவ்வளவு சேருமாண்ணே? தெரியாம நான் உள்ள போய் லேபிள் ஒட்டிக்கிட்டிருக்கேன்."

"வேலி மேஞ்சிருக்குமோ என்னமோ" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சிக்கல் என்னவென்றால், அந்த வாசலில் பிடிபட்ட ஒவ்வொருவரும் சொன்னது அதையேதான். பைக்குள் இருந்த பாட்டில், சட்டைக்குள் இருந்த பாட்டில், குடைக்குள் இருந்த பாட்டில், எல்லாமே ஏதாவது ஒரு மச்சினனுடையது. "உலகத்துல திருட்டுப் பொருளெல்லாம் மச்சினனோடதுதான்" என்று வரிசையைச் சிரிக்க வைத்தவர் அவர். இப்போது அவரிடம் இருந்த ஒரே உண்மை, அவரே இத்தனை வருஷமாக அடித்துத் துவைத்த பொய். பர்ஸை மூடிக்கொண்டு நடந்தார்.

காலையில் மேனேஜர் அறைக்குத் தானாகவே போனார்.

"சார், நேத்து நடந்தது கேள்விப்பட்டிருப்பீங்க. அது என் மச்சினன் பணம்."

"தெரியும். நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்ல. போய் வேலையைப் பாருங்க."

தட்டுக்காரர் நகரவில்லை. "எப்படி சார் தெரியும்?"

"நம்பறேன்யா, போ."

"விசாரிக்க வேண்டாமா? வீடு வித்த பத்திரம் இருக்கு. மச்சினனைக் கூப்பிட்டுக் கேக்கலாம்."

"வேணாம்னு சொல்றேன்ல."

வெளியே வந்தவருக்கு அவமானமாக இருந்தது. தன் இடத்தில் தானே இருந்தால் இந்தக் கதையை ஒரு நொடிகூட நம்பியிருக்க மாட்டார். பாட்டில் காணோம், வாசல்காரன் கணக்கில் பணம் குவிந்திருக்கிறது. ஒரு கேள்விகூடக் கேட்காமல் விடுகிற மனிதன் முட்டாளாக இருக்க வேண்டும். மேனேஜர் முட்டாள் இல்லை. அப்படியானால் விசாரணை என்று ஒன்று தொடங்குவதில் அவருக்கு என்ன சங்கடம்? தட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து தான் ஒட்டிய விதியைப் படித்தார். நடந்து வெளியே போகிற யாருக்கும். 'நடந்து' என்ற சொல்லின்மேல் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்தார்.

மாலை கார் வந்தது. கேட் திறக்கவில்லை. கார் கண்ணாடி இறங்கியது.

"என்னய்யா?"

"தட்டு, சார்."

வரிசை எட்டிப் பார்த்தது. மேனேஜர் அவர்களைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பிறகு இறங்கினார். டிக்கியில் ஸ்டெப்னியும் ஒரு பழைய துணியும். பையில் சாப்பாட்டு டப்பாவும் கண்ணாடிக் கூடும். கடைசியாகத் தட்டில் விழுந்தது பர்ஸ். மகளின் கடையில் வாங்கிய, தன்னுடையதைப் போலவே ஒன்று.

"அதையும் திறக்கணுமா?" என்றார் மேனேஜர். குரல் இறங்கியிருந்தது.

தட்டுக்காரர் திறந்தார். சம்பளம் வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. அங்கே எரிந்த எண்ணுக்கு அந்தக் காருக்கு ஒரு டயர் வாங்க முடியாது. காலையில் விசாரணை வேண்டாம் என்றது எதற்கு என்று இப்போது தெரிந்தது. லேபிள் அக்காவின் கழுத்து நீள்வதற்குள் தட்டுக்காரருடைய உள்ளங்கை அந்த ஸ்கிரீனை மூடிவிட்டது. ஏன் மூடினார் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. நிறைய இருந்தால் திருடியவன் என்கிறார்கள். ஒன்றுமில்லாவிட்டால் திருடப்போகிறவன் என்பார்கள்.

"என்னண்ணே மூடிட்டீங்க? உங்களுது மட்டும் ஊருக்கே தெரிஞ்சுது?" என்றாள் லேபிள் அக்கா.

"நான் பாத்துட்டேன்."

"என்ன இருந்துச்சு?"

"பாட்டில் இல்ல. நான் பாத்துட்டேன்னு சொல்றேன்ல."

மேனேஜர் பர்ஸை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "நாளைக்கும் ஆறு மணிக்குத்தான் கிளம்புவேன். தட்டை எடுத்து வையுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். வேறு ஆள் பார்க்கிற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. பாட்டில்களும் இன்றுவரை கிடைக்கவில்லை.

கார் போன பிறகு லேபிள் அக்கா தன் பையைத் தட்டில் கவிழ்த்தாள். "சரி, அவருது போகட்டும். உங்க பர்ஸுல இருந்தது யாரு பணம்ணே?"

"மச்சினன் பணம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போங்கண்ணே, நம்பறோம்."

தட்டுக்காரர் அவளுடைய பவுடர் டப்பாவை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார்.

"பத்திரத்தை நாளைக்குக் கொண்டாறேன்" என்றார். "பாத்துட்டு நம்பு."