மருதேவியின் குரலுக்கேற்ற வாத்தியார்

செஞ்சியில் நிலக்கடலை மண்டி வைத்திருந்த விமலநாதன் எதை வாங்கினாலும் நாலு இடத்தில் விசாரித்துத்தான் வாங்குவார். மனைவி மருதேவிக்குப் பாட்டு வாத்தியார் தேடியபோதும் அப்படித்தான்.

மகாவீர் ஜெயந்தியன்று ஜினாலயத்தில் பெண்கள் கூட்டமாகத் தோத்திரம் பாடுவார்கள். ஒருத்தி முன்னால் நின்று எடுத்துக்கொடுக்க வேண்டும். ஒரு வருஷமாவது அந்த ஒருத்தியாக நிற்க வேண்டும் என்று மருதேவிக்கு ஆசை. இரண்டு பிள்ளை பெற்ற பிறகு வந்த ஆசை. கேட்டதும் விமலநாதன் சிரிக்கவில்லை. அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். பாராட்டு இதோடு சரி.

ஜைனர் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். விளக்கு வைத்த பிறகு அடுப்பு எரியாது. தெருவில் மற்ற பெண்கள் அப்போதுதான் உலை வைத்துக்கொண்டிருப்பார்கள். மருதேவியோ பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். பாட்டுக்கு அந்த நேரம்தான் தோதாக இருந்தது.

முதலில் வந்தவர் ராஜாங்கம். பகலில் சைக்கிள் கடை, ஒரு காலத்தில் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். கடையை மூடிவிட்டு நேராக வந்து நின்றார்.

"சாப்ட்டாச்சுங்களா?" என்று விமலநாதன் மரியாதையாகக் கேட்டார்.

"ஆச்சு, ஆச்சு."

"நல்லது. ஆரம்பிங்க."

நம் பக்கத்தில் யாராவது 'ஆச்சு' என்றால் இன்னும் இரண்டு தரம் கேட்டு, கையைப் பிடித்து இழுத்து இலைமுன் உட்கார வைக்க வேண்டும். சாப்பிட்டவர்கூட அந்த உபசாரத்தை எதிர்பார்ப்பார். விமலநாதனுக்கு அது தோன்றவே இல்லை. இருட்டிய பிறகும் ஒரு மனிதர் சாப்பிடாமல் இருப்பார் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. அதுவும் ஊரே அரிசிக்கு அலைந்துகொண்டிருந்த காலம். ஆர்மோனியத்தின் துருத்தியை அழுத்துகிற தெம்புகூட ராஜாங்கத்திடம் குறைந்துகொண்டே வந்தது. கொஞ்ச நாளில் வந்து, ஜைனர்களை ஊரில் அழைக்கிறபடி 'நயினாரே' என்று அழைத்துச் சொன்னார்.

"நயினாரே, தப்பா நெனைக்காதீங்க. அம்மாவுக்குக் கொரல்ல கனம் ஜாஸ்தி. என் பொட்டிக்கு ஒத்து வராது."

பசிக்கிறது என்று சொல்ல எந்த வாத்தியாருக்கு வாய் வரும்? பழியைக் குரல்மேல் போடுவது கௌரவமாக இருந்தது.

அடுத்து, தொண்டூரிலிருந்து பஜனை தனகோட்டி. அவரும் 'ஆச்சு' என்றார், பாடம் நடத்தினார், காலி வயிற்றோடு கடைசி பஸ்ஸைப் பிடித்தார். "கொரலு ரொம்ப மெலிசா இருக்குது, எடுபடாது" என்று சொல்லிவிட்டு அவரும் நின்றுவிட்டார். ஒரே குரல் எப்படிக் கனமாகவும் மெலிசாகவும் இருக்கும்? மண்டியில் ஒரு மூட்டைக்கு ஒன்பது கேள்வி கேட்கிற மனிதர் இதைக் கேட்கவில்லை. தொண்டைக்குத் தேன் கொடுக்கச் சொன்னார்கள் தெருக்காரர்கள். ஜைனர் வீட்டில் தேன் படியேறாது என்பதால் அதிமதுரம் வாங்கி வந்தார். மூன்றாவதாக வந்தவர் காரணம்கூடச் சொல்லாமல் காணாமல் போனார்.

"கவலப்படாத. ஒங் கொரலுக்கேத்த வாத்தியாரு இன்னும் பொறக்கல போல" என்று மனைவிக்கு ஆறுதல் சொன்னார் விமலநாதன். ஆறுதலாம்!

அதன்பிறகு மருதேவி கூட்டத்தோடு சேர்ந்தும் பாடுவதில்லை. ஜினாலயத்தில் உதட்டை மட்டும் அசைப்பாள். பக்கத்தில் நிற்பவள் காதில் தன் குரல் விழுந்துவிடுமோ என்று பயம். கிணற்றடியில் துணி துவைக்கும்போது தன்பாட்டுக்குப் பாடுவாளே, அதையும் விட்டாள். எனக்கு இந்தக் கதையில் பொறுக்க முடியாத இடம் இதுதான்.

மறு வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு டீச்சராக அமிர்தவல்லி மாற்றலாகி வந்தாள். விமலநாதன் போய் அழைத்துவந்தார். அதே கேள்வி, அதே 'ஆச்சு'. ஆனால் மாதங்கள் போயும் அவள் வருவதை நிறுத்தவில்லை. "இப்பதான்யா கொரலுக்கேத்த வாத்தியாரு கெடைச்சாங்க" என்று மண்டிக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

மருதேவிக்குத்தான் உறுத்தல். ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"மூணு பேரு எங் கொரலுக்குப் பயந்து ஓடிட்டாங்க. நீங்க மட்டும் எப்பிடி டீச்சர் பொறுத்துக்கிறீங்க?"

"நான் இன்னா பொறுத்துக்கிறேன்? எனக்குக் குடல்புண்ணு. பொழுதோட கஞ்சி குடிச்சிட்டா அப்பறம் எதையும் தொடக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. மத்த வீடுங்கள்ல தோசையும் காபியுமா கொண்டாந்து வெச்சி, சாப்டாட்டி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறாங்க. உங்க வீட்டுலதான் அந்தத் தொல்லையே இல்ல."

"மத்த வீட்டுல வாத்தியாருக்கு ராத்திரி சாப்பாடு போடுவாங்களா?"

"பின்ன? பாதிப் பேரு அதுக்குத்தான வர்றாங்க."

"அப்ப எங் கொரலு?"

"கொரலுக்கு இன்னா? நல்லாத்தான் இருக்குது."

மருதேவி கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த அமாவாசைக்கு ஊர்ப்பட்ட ஜனம் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விட, மண்டியில் வேலை இல்லை. வெயில் தாழ்வதற்குள் ராஜாங்கத்தை அழைத்துவரச் சொன்னாள். பருப்புக் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், பாயசம். அவர் போதும் என்றபோதெல்லாம் இன்னொரு கரண்டி போட்டாள். ஏப்பம் விட்டு அவர் சாய்ந்து உட்கார்ந்ததும், முன்பு அவரிடம் பாடிய அதே பாட்டை, ஒரு மாற்றமும் இல்லாமல், அப்படியே பாடினாள்.

"அடடா! கொரலு இன்னாமா பக்குவமாயிடுச்சு! அந்தக் கனமே இல்லியே!" என்றார் ராஜாங்கம்.

"எல்லாம் அதிமதுரம்" என்றார் விமலநாதன் பெருமையாக.

மருதேவிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராஜாங்கத்தின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. ஊமைபோல நின்ற நாட்களை நினைத்துத்தான் வயிறு எரிந்தது.

அந்த ஜெயந்திக்கு மருதேவிதான் எடுத்துக்கொடுத்தாள். இரண்டாவது தோத்திரத்தின்போது, கூட்டத்தின் ஓரத்தில் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டாள். பூஜை முடிந்ததும் நேராக அவளிடம் போனாள்.

"ஏம்மா, வாயத் தொறந்து பாடேன்."

"எங் கொரலு நல்லாருக்காதுக்கா."

"யாரு சொன்னாங்க?"

"பாட்டு வாத்தியாரு."

"எத்தினி மணிக்கு வருவாரு?" என்று கேட்டாள் மருதேவி.