ஹஸீப் நானா ஏறாத வேன்

மாத்தளையில் ஒருவர் வெயிலில் நடந்து போனால், அவருக்கு ஏதோ கெட்ட காலம் என்று ஊர் முடிவு செய்துவிடும். தெரிந்தவர்கள் வாகனத்தை நிறுத்தி "ஏறுங்க" என்பார்கள். ஏறாவிட்டால் கோபம். காரணம் சொல்லாமல் ஏறாவிட்டால் பகை.

இந்த ஊரில்தான் ஹஸீப் நானா ஓட்டோ ஓட்டுகிறார். மற்றவர்களை நடக்கவிடாமல் செய்வதுதான் அவருடைய பிழைப்பு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டோவை வீட்டில் பூட்டிவிட்டு, கால்நடையாக ஊர் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் சுற்றுவார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் அவருடைய ஓட்டோவில் ஏற மறுத்து, "நீயும் கூட நடந்து வா" என்று கூப்பிட்ட நாளில் பிடித்த பைத்தியம் அது.

போன ஞாயிறு வந்தவள் ஷெரோமி. கொழும்புப் பிள்ளை. ஒரு நகரத்துக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து இறங்கிவிட்டால், அதற்குப் பிறகு கால் மட்டும்தான் என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். காலி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு எல்லாம் அப்படித்தான் பார்த்தாளாம். இங்கே ஸ்டேஷனிலிருந்து அளுவிகாரை குகைக் கோயில் வரை நடக்க வேண்டும்.

நானா காலையிலிருந்தே ரோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் ஜைனுதீன் ஹாஜியார். யட்டவத்தையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறவர். அவருடைய மகன் அன்ஸாப்புக்கு நானாவின் மகள் ஸஹ்னாவைப் பேசியிருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை திகதி குறிக்க வேண்டும். ஹாஜியார் ஞாயிறுதோறும் தன் நீல வேனில் டவுனுக்கு வருவார். அந்த வேனில் ஏற மறுத்த ஒரு மச்சானோடு அவர் இன்றுவரை பேசுவதில்லை.

"ஹாஜியாரக் கண்டா ஏறிடுங்க," என்று மனைவி ஸுலைஹா சொல்லி அனுப்பியிருந்தாள். "அந்தப் புள்ள நடந்து வரட்டும்."

நம்பி வந்த பிள்ளையை நடுரோட்டில் விட்டுவிட்டு எப்படி ஏறுவது?

முதலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியவன் பிரியந்தன், பார்மசியில் வேலை செய்கிறவன்.

"என்ன நானா நடை? ஓட்டோ எங்க?"

"வீட்ல."

"அப்ப ஏறுங்க."

"இல்ல தம்பி... டொக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு."

வாயில் வந்தது அதுதான். பிரியந்தனின் முகம் வாடிவிட்டது. வற்புறுத்தாமல் போய்விட்டான். பொய்க்கு இவ்வளவு மரியாதையா என்று நானாவுக்கே ஆச்சரியம். அடுத்து நின்ற இறைச்சிக்கடைக்காரரிடமும், அதற்கடுத்து நின்ற பள்ளிக்கூட அதிபரிடமும் அதையே சொன்னார். யாரும் கோபிக்கவில்லை. எல்லோரும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்று போனை எடுத்ததை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

அம்மன் கோயிலருகே அவருடைய போன் அடித்தது.

"உங்களுக்கு ஹார்ட்டாமே!" ஸுலைஹாவின் குரல் உடைந்திருந்தது. "ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது."

"எனக்கொண்ணும் இல்ல புள்ள."

"ஹார்ட்காரங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஹாஜியார் காதுக்கும் போயிருக்கும். சீக்காளி வீட்ல பொண்ணெடுப்பாரா? ஸஹ்னா அழுதுக்கிட்டு இருக்கா."

அதற்குப் பிறகு நானாவின் கண்ணில் ஊர் தெரியவில்லை.

"அங்கிள், அது என்ன மரம்?" என்று ஷெரோமி கேட்டாள்.

"நீல வேன்," என்றார் நானா.

வேன் வந்து நின்றே விட்டது. ஹாஜியார் இறங்கி வந்து நானாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு பெரிய விஷயத்த எங்கட்ட மறைச்சிட்டீங்களே ஹஸீப்!"

நானாவின் நெஞ்சு இப்போதுதான் உண்மையாகவே படபடத்தது. உண்மையைச் சொன்னால், நல்ல உடம்போடு வேனில் ஏற மறுக்கிற குற்றம். சொல்லாவிட்டால், சீக்காளிச் சம்பந்தி. அவர் வாயைத் திறப்பதற்குள் ஹாஜியாரே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"திகதி பேசுறதெல்லாம் வேணாம். யாருக்கு எவ்வளவு ஹயாத்து, எத்தன நாள் எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நீங்க கண்ணால பாத்துட்டுப் போகணும். இந்த வெள்ளியே நிக்காஹ்வ முடிச்சிடுவோம்."

சம்பந்தம் தப்பித்தது. ஆனால் 'போகணும்' என்ற சொல்லை நானா மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். வெள்ளிக்கு ஐந்தே நாள். மண்டபம் இல்லை, சமையல்காரர் இல்லை, ஒன்றுமே இல்லை.

"ஏறுங்க இப்ப."

"டொக்டர்..."

"ஓ, நடக்கச் சொன்னாராமே. நீங்க நடங்க. நான் பின்னால வாறேன். விழுந்தா தூக்க ஆள் வேணுமே."

வேன் நான்கு மூலை விளக்குகளையும் மின்னவிட்டுக்கொண்டு ஆமை வேகத்தில் பின்னால் வந்தது. அதற்குப் பின்னால் தம்புள்ள பஸ் ஹோர்ன் அடித்தது. பஸ்ஸுக்குப் பின்னால் ஊரே ஹோர்ன் அடித்தது.

ஷெரோமி மெதுவாகக் கேட்டாள். "அங்கிள், உண்மையாவே உங்களுக்கு ஹார்ட் வருத்தம் இருக்கா?"

நானா திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்குள்ளிருந்து ஹாஜியார் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நானா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"நிக்காஹ் முடியுற வரைக்கும் இருக்கு மகள். கொஞ்சம் மெதுவா நடங்க."