நோரீன் போட்ட பூட்டு

ஃப்ரெஸ்னோ நகரத்தில், சாமான் போட்டுவைக்க வாடகைக்கு எடுத்து பாக்கி விழுந்த சேமிப்பறையை ஏலம் விடும்போது ஷட்டரைத் தூக்கிக் காட்டுவார்கள். வாசலில் நின்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஏலம் முடியும்வரை உள்ளே கால் வைக்கக் கூடாது. எடுத்தவர் உடனே தன் பூட்டைப் போட வேண்டும். அதற்கப்புறம் உள்ளே இருப்பதெல்லாம் அவர் பாடு.

நோரீன் ஹாட்ச் உலர்திராட்சை ஆலையில் ஓடும் பெல்ட் முன்னால் நின்றே முதுகு தேய்ந்தவள். முதலாளி ஆலையை மூடி நிலத்தை விற்றுவிட்டுப் போனான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவள் மற்றவர்களின் கைவிட்டுப்போன சாமானை ஏலத்தில் எடுத்து, ஞாயிற்றுச் சந்தையில் விற்று வயிற்றைக் கழுவினாள்.

அந்த ஜூலை மாதக் காலையில் ஏலத்தில் ஓர் அறை அவளுக்கு விழுந்தது. சலவை இயந்திரம், சாப்பாட்டு மேசை, குறுக்கே ஓர் அலமாரி, அதன் பின்னால் ஏதோ பெட்டிகள். பூட்டு வண்டியில் இருந்தது. எடுத்து வருவதற்குள் கூட்டம் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. பூட்டும் முன் உள்ளே ஒரு சுற்று பார்ப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் பழக்கம். அன்று வெயிலும் பசியும் சேர்ந்துகொண்டதால் அவள் பார்க்கவில்லை. ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, சாமான் ஏற்ற, வண்டியின் பின்னால் மாட்டும் தங்கையின் டிரெய்லரைக் கொண்டுவரக் கிளம்பினாள்.

பாதி வழியில் சிக்னலில் நின்றபோதுதான் அந்த சைக்கிள் நினைவுக்கு வந்தது. அவள் வெளியேறும்போது ஆட்களெல்லாம் போயிருந்தார்கள். வரிசைக் கடைசியில் ஒரு நீல சைக்கிள் மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது. ஏலத்துக்கு யார் சைக்கிளில் வருவார்கள்? எடுத்த சாமானை எதில் ஏற்றுவார்கள்? அப்புறம் அந்த ஆளும் நினைவுக்கு வந்தான். கூட்டத்தின் பின்னால் டார்ச் இல்லாமல், விலை கேட்காமல், தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். சாமானுக்குச் சொந்தக்காரன் அப்படித்தான் நிற்பான்.

நான் பூட்டு எடுக்கப் போன நேரத்தில் அவன் உள்ளே நுழைந்திருந்தால்?

தகரக் கூரை, தகரக் கதவு, உச்சிக்கு ஏறும் வெயில். வண்டியைத் திருப்பிக்கொண்டே சேமிப்பறைகளின் மேலாளர் கென்ட்டை போனில் பிடித்தாள். நீல சைக்கிள் யாருடையது என்று மட்டும் கேட்டாள்.

"அது ஆர்வினோடது. நீ எடுத்த ரூமோட பழைய ஆளு. ஏதாவது திருட வந்திருப்பான். நான் இன்னொரு கிளையில இருக்கேன், வந்து பாக்குறேன். மாட்டினான்னா நேரா போலீஸ்தான்."

தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடலாம். அவர்கள் வந்தால் பின்னாலேயே போலீஸும் வரும். கூப்பிட்டிருக்க வேண்டும், அவள் கூப்பிடவில்லை. சாவி தன்னிடம் இருக்கிறது, போய்விடலாம் என்று நினைத்தாள். அப்புறம் ஒவ்வொரு சிக்னலும் சிவப்பாகவே விழுந்தது. முன்னால் ஒரு தக்காளி லாரி ஊர்ந்தது. சத்தமாகத் திட்டிக்கொண்டே ஓட்டினாள். ஒரு ஆளைக் கொன்றுவிட்டேனா என்ற கேள்வி மட்டும் வாய்க்கு வரவில்லை.

பூட்டு கையைச் சுட்டது. சாவி இரண்டு முறை நழுவியது. ஷட்டரைத் தூக்கியதும் அனல் முகத்தில் அடித்தது.

"ஆர்வின்?"

அலமாரியைத் தள்ளிக்கொண்டு போனாள். பின்னால் ஒரு மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு காலில் இரும்பு முனை வைத்த பூட்ஸ், இன்னொன்று மடியில். கண் திறந்திருந்தது.

வாசல் பக்கம் இழுத்து வந்து, தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்து, மீதியைத் தலையில் ஊற்றினாள்.

"தட்ட வேண்டியதுதானே? கத்த வேண்டியதுதானே?"

அவன் மூச்சு வாங்கினான். "கத்தினா கென்ட் வருவான். நாளைக்கு கிடங்குல வேலைக்குச் சேரணும். இந்த பூட்ஸ் இல்லாம உள்ள விட மாட்டாங்க."

"செத்திருப்பய்யா."

"நீங்க சீக்கிரம் வந்துடுவீங்கன்னு நெனச்சேன்." அறையைத் திரும்பிப் பார்த்து, "எவ்வளவுக்குப் போச்சு?" என்றான்.

அவள் காலிப் பாட்டிலை மூடினாள்.

கென்ட்டின் கார் வந்து நின்றது. இறங்கும்போதே போன் கையில் இருந்தது. அத்துமீறி நுழைந்தவனை அப்படியே உட்கார வைக்கச் சொன்னான்.

நோரீன் எழுந்து குறுக்கே நின்றாள். "யாரு அத்துமீறினது? பூட்டு என்னோடது. சாமான் என்னோடது. இவர் எங்கிட்ட வேலைக்கு வந்திருக்காரு, சாமான் தூக்க."

"இவனா?"

"ஆமா. உனக்கு என்ன கஷ்டம்?"

கென்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். போகவில்லை. கார் கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான். தூக்குங்கள், பார்க்கிறேன் என்பது போல.

டிரெய்லரை அவள் இன்னும் கொண்டுவரவில்லை. அவளுடைய சின்ன வண்டி மட்டும்தான் இருந்தது. ஆர்வின் இன்னொரு பூட்ஸையும் மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தான். மேசையின் கனமான பக்கத்தை நோரீன் பிடித்தாள். லேசான பக்கத்தை அவன் பிடித்தான்.