பயணம் சொல்லிவிட்டுத் திரும்ப முடியாதவர்

கிண்ணியாவில் ஒருவர் தூரப் பயணம் போவதென்றால் அதற்கு முன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். "பேச்சில ஏதும் குத்தம் இருந்தா மாப்புச் செய்ங்க, துஆ செய்ங்க" என்று கேட்பார்கள். மக்காவுக்குப் போகிறவர்கள் கட்டாயம் சொல்வார்கள். கட்டாருக்கு வேலைக்குப் போகிறவர்களும் சொல்வார்கள். பரீட்சைக்காகக் கொழும்புக்குப் போய் மூன்றாம் நாள் திரும்பப்போகும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பயணம் சொல்ல வந்த முதல் ஆள், எனக்குத் தெரிந்தவரை, மீன் வியாபாரி ஸஹாப்தீன்தான்.

மகள் ஷிஃபானா உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்து, கட்டடக்கலை படிக்க விண்ணப்பித்திருந்தாள். அந்தப் படிப்புக்குப் புள்ளிகள் மட்டும் போதாது. பல்கலைக்கழகம் தனியாக வைக்கும் உளச்சார்புப் பரீட்சையில் படம் கீறிக் காட்டிச் சித்தியடையவும் வேண்டும். நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் வருவார்கள், எடுபடுவது கொஞ்சப் பேர். தவறினால் அந்தக் கதவு மூடிவிடும். ஆகவே அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு மூலையும் கொஞ்சம் அமைதியும். மூலை வீட்டில் இருந்தது. அமைதிதான் இல்லை, வாப்பா இருந்தார்.

"கோட்டை நேராப் போடு மகள்."

"வாப்பா, இது மரம்."

"மரமெண்டா என்ன, நேரா நிண்டா நல்லம்தானே?"

பரீட்சைக்கு முந்திய கிழமை முழுவதும், கீறிப் பழக வேண்டிய நேரத்தில், அவள் வாப்பாவின் பின்னால் வீடு வீடாக நடந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் பிளேன்டீ, பிஸ்கட், ஒரு பேனை. எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுடைய பையில் கடை போடும் அளவுக்குப் பேனைகள் சேர்ந்திருந்தன. நாங்களும் ஒன்று கொடுத்தோம். பரீட்சையோ பென்சிலால்.

அடுத்தது ஹஸ்மியின் வீடு. ஹஸ்மி எங்கள் வீதியில் எல்லோருக்கும் சுவர் கட்டிய மேசன் பாஸ், ஸஹாப்தீனை அண்ணன் முறையில் 'நானா' என்பவர். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றாலே அங்கே பேசுவது கேட்கும்.

"கட்டடக்கலை எண்டா என்ன நானா?" என்றார் ஹஸ்மி.

"வீடு கட்டுற படிப்பு."

"அதுக்கு ஏன் கொழும்புக்கு? என்னோட வரச் சொல்லுங்க, மூணு மாசத்தில பழக்கித் தாறன்."

ஸஹாப்தீன் கதிரையில் நிமிர்ந்திருப்பார் போலும், குரல் உயர்ந்தது. "நீ கல்லு வைக்கிற ஆள் ஹஸ்மி. என்ட மகள் கல்லை எங்க வைக்கிறதெண்டு உனக்குச் சொல்லப் போற ஆள். ரெண்டும் ஒண்டா?"

பயணம் சொல்ல வந்த வீட்டில், மன்னிப்புக் கேட்ட வாயாலேயே இதைச் சொன்னார். மன்னிப்பு முன்பணமாகக் கிடைத்துவிட்டது என்று நினைத்தாரோ தெரியாது. ஹஸ்மி சிரித்தபடி பிள்ளைக்கு ஒரு பேனை கொடுத்து அனுப்பினார்.

புறப்படும் நாள் பஸ் தரிப்பிடத்தில் பாதி வீதி நின்றது. ஒரு மாமி அழுதார். பிறகு நடந்ததை ஷிஃபானா பின்னாளில் சொல்லித்தான் அறிந்தேன். பஸ் பாலத்தைத் தாண்டித் திருகோணமலை பஸ் நிலையத்தை அடைந்து, கொழும்பு பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தபோது ஷிஃபானாவின் போனுக்குச் செய்தி வந்தது. பரீட்சை இரண்டு கிழமை தள்ளிவைக்கப்பட்டிருந்தது.

"நல்லதாப் போச்சு வாப்பா, கீறிப் பழகலாம். வாங்க, வீட்ட போவம்."

"வீட்டயா?" ஸஹாப்தீன் பையை இறக்கவே இல்லை. "பயணம் சொல்லிட்டு வந்த கால் மகள்! மாமி அழுத கண்ணீர் இன்னும் காஞ்சிருக்காது."

அவருடைய பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊருக்கே பயணம் சொல்லிவிட்டுப் போன ஆள் அன்று பின்னேரமே திரும்பி வந்தால், போன காரியம் கெட்டுவிட்டது என்றே கதை பரவும். விசாரித்து உறுதிப்படுத்த யாரும் வரமாட்டார்கள், ஆறுதல் சொல்லத்தான் வருவார்கள். அவர் மனைவி பஸ்மியாவுக்குப் போன் எடுத்தார்.

"ஆரும் கேட்டா கொழும்பில எண்டு சொல்லு."

"நான் பொய் சொல்ல மாட்டன். போயிட்டாங்க எண்டு மட்டும் சொல்லுவன்."

"எங்க எண்டு கேட்டா?"

"அல்லாட காவல்ல எண்டு சொல்லுறன். அது எங்கயும் பொருந்தும். பிள்ளைய கீற விடுங்க, அது போதும்."

திருகோணமலையிலேயே, அன்புவழிபுரத்தில், கதிரவேல் இருந்தார். திருகோணமலைச் சந்தையில் மீன்கடை வைத்திருப்பவர், ஸஹாப்தீனிடம் நெடுநாளாக மீன் எடுப்பவர். வாப்பாவும் மகளும் பையோடு வாசலில் நின்றதைக் கண்டதும் அவர் முதலில் மீனைத் தேடினார். பிறகு கதையைக் கேட்டார். பிறகு உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்.

"இருங்கோ நானா, எவ்வளவு நாளும் இருங்கோ. கொழும்பை விட எங்கட வீட்டில காற்று நல்லது."

அவருடைய மனைவி சிவக்கொழுந்து பின்னறையைப் பிள்ளைக்கு ஒழித்துக் கொடுத்தார். ஆனால் கீறும் பிள்ளையின் தலைமாட்டில் வாப்பா இங்கும் நின்றார். வெளியே போக ஏலாது, தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள். ஆகவே முன்னரைவிட அதிகமாக நின்றார். இடையிடையே கிண்ணியாவிலிருந்து போன் வந்தது.

"கொழும்பில கடும் மழையாமே நானா?"

"ஓம், ஓம், நனைஞ்சே போனன்," என்றார் ஸஹாப்தீன். வெளியே வெயில் எரிந்தது.

"அதென்ன மேளச் சத்தம்?"

"ஏன், கொழும்பில கோயில் இல்லையா?"

"பரீட்சை இன்னும் முடியல்லையா?"

"பெரிய பரீட்சை. லேசில முடியுமா?"

பக்கத்து அறையில் ஷிஃபானா பென்சிலை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். சில நாட்கள் இப்படியே போயின. நல்ல படம் ஒன்றுகூட வரவில்லை.

ஒரு காலை வாசலில் ஸலாம் சொல்லும் குரல் கேட்டது. ஸஹாப்தீனுக்கு அந்தக் குரலைத் தெரியும். யோசிக்காமல் ஓடி, திறந்திருந்த முதல் கதவுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டார். அது குளியலறை. கதிரவேல் அதற்கு டைல்ஸ் ஒட்டத்தான் ஆள் பிடித்திருந்தார்.

"உள்ள ஆரும் இருக்கிறாங்களா?" கதவைத் தட்டியது ஹஸ்மி பாஸ்.

ஹஸ்மி இன்னொரு தரம் தட்டினார். கடைசியில் கதவு மெல்லத் திறந்தது. கவிழ்த்த வாளியின் மேல் தொப்பியோடு ஸஹாப்தீன் உட்கார்ந்திருந்தார்.

ஹஸ்மி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு நாலு சுவரையும் பார்த்தார்.

"கொழும்பு சரியாச் சின்னதாப் போச்சு நானா."

ஸஹாப்தீன் எழும்பி அவருடைய கையைப் பிடித்து நடந்ததெல்லாம் சொன்னார். "ஊருக்குச் சொல்லிராத ஹஸ்மி. பிள்ளைட காரியம்."

"நான் ஏன் சொல்லப் போறன்? ஆனா பாருங்க, எனக்குச் சீமெந்து குழைக்கிற ஆள் இண்டைக்கு வரல்ல."

"அதுக்கு?"

"கல்லை எங்க வைக்கிறதெண்டு மகள் படிச்சிட்டு வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் வாப்பா சீமெந்தைக் குழைக்கட்டும்."

அன்றிலிருந்து ஸஹாப்தீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சீமெந்து குழைத்தார். தண்ணி கூடினாலும் திட்டு, குறைந்தாலும் திட்டு. கதிரவேல் சந்தையிலிருந்து நேரத்தோடு திரும்பத் தொடங்கினார், பார்ப்பதற்காகவே. வேலை முடிந்து குளித்தால் ஸஹாப்தீனுக்கு உடம்பெல்லாம் வலி, சாப்பிட்டதும் நித்திரை. பின்னறைப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

ஷிஃபானா கீறினாள். கதவிடுக்கால் தெரிவதையெல்லாம் கீறினாள்: சீமெந்து தட்டு, வாளி, இரண்டு ஆண்களின் முதுகு. தன் மகளுக்காக ஸஹாப்தீன் செய்த பெரிய உதவி எது என்று யாரும் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதை அவர் அறிந்து செய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

தள்ளிவைத்த இரண்டு கிழமையும் முடிய, உண்மையான கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். திரும்பி வரும் பஸ்ஸில் வாப்பா கேட்டார்.

"என்ன கீறச் சொன்னாங்க?"

"வேலை செய்யிற ஆக்கள, ஒரு சின்ன இடத்தில."

"நீ என்ன கீறினாய்?"

"உங்களத்தான்."

அவர் தலையிலிருந்த தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். "தொப்பியோடயா?"

"தொப்பியில சீமெந்தோட."

"தாடிய நேராக் கீறினியா?"

"இல்ல வாப்பா."

பெறுபேறு வந்தபோது அவளுடைய இலக்கம் சித்தியடைந்தோர் வரிசையில் இருந்தது. பிறகு வெட்டுப்புள்ளியும் வந்து இடம் உறுதியானது. ஸஹாப்தீன் வெள்ளைச் சாரம் கட்டி, அத்தர் பூசி, மகளைக் கூட்டிக்கொண்டு பயணம் சொல்லப் புறப்பட்டார். முதல் வீடு ஹஸ்மியுடையது. இந்த முறை நானும் அங்கே இருந்தேன்.

ஹஸ்மி எழும்பி வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளைக்கு மாஷா அல்லாஹ். பயணம் மட்டும் இப்ப சொல்லாதீங்க நானா. போய்ச் சேருங்க, சேர்ந்தாப் பிறகு சொல்லுங்க. இனி எனக்கு ஒட்ட வேற பாத்ரூம் இல்ல."

ஸஹாப்தீனின் முகம் மாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஷிஃபானா அவருடைய கையைப் பிடித்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடியதை நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

ஒருவருக்கும் சொல்லாமல் போனார்கள். அடுத்த நாள் காலை ஒவ்வொரு வீட்டிலும் போன் அடித்தது. எங்கள் வீட்டிலும் அடித்தது.

"ஸஹாப்தீன் பேசுறன். விடுதி கேட்டுக்கு முன்னால நிக்கிறன். பிள்ளை உள்ள போயிட்டா, நான் கண்ணால கண்டனான். பேச்சில ஏதும் குத்தம் இருந்தா மாப்புச் செய்ங்க."

"நானா, நீங்க போய்ச் சேர்ந்திட்டீங்களே. இனி என்ன பயணம்?" என்றேன்.

"அதாலதான் சொல்லுறன்," என்றார். பின்னால் கொழும்புப் பஸ்கள் இரைந்தன. "இஞ்ச மழை. உண்மையா மழை."